டெலிகன்வர்ட்டர் வாங்கலாமா? பறவைப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேடந்தாங்கல் ஏரிக்கரையிலோ பள்ளிக்கரணைச் சாலையோரத்திலோ நிற்கும்போது, என் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை வளையத்தைப் பார்த்துவிட்டு, "அது கன்வர்ட்டர்தானே சார், நானும் ஒன்று வாங்கலாமா?" என்று யாராவது கேட்பார்கள். நின்றவாக்கில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் கேட்கப்பட்ட கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன். நான் பயன்படுத்துவது 500 மி.மீ. எஃப்/4 லென்ஸ் (எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும், எண் கூடினால் வெளிச்சம் குறையும்). கூடவே 1.4எக்ஸ், 2எக்ஸ் என இரண்டு கன்வர்ட்டர்கள். முதலாவது பெரும்பாலும் லென்ஸிலேயே இருக்கும். இரண்டாவது பையை விட்டு வெளியே வருவது எப்போதாவதுதான்.

டெலிகன்வர்ட்டர் என்பது என்ன?

லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டுகிற, உள்ளே கண்ணாடிகள் கொண்ட சிறு குழல். லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கி சென்சார் முழுக்க விரித்துக் கொடுக்கும். 500 மி.மீ. லென்ஸ் 1.4எக்ஸோடு 700 ஆகும், 2எக்ஸோடு 1000 ஆகும். கனானின் 1.4எக்ஸ் மூன்றாம் பதிப்பின் எடை 225 கிராம்தான். 700 மி.மீ. வேண்டும் என்பதற்காக இன்னொரு பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு அலைவதோடு ஒப்பிட்டால் இது ஒரு சுமையே இல்லை. கனான் இதை எக்ஸ்டெண்டர் என்று அழைக்கிறது. எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது வேறு. அதற்குள் கண்ணாடி கிடையாது, வேலையும் வேறு. கடையில் கேட்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெளிச்சம் எவ்வளவு குறையும்?

1.4எக்ஸில் ஒரு ஸ்டாப், 2எக்ஸில் இரண்டு ஸ்டாப். ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது. காரணம் எளிது. அதே வெளிச்சத்தை 1.4 மடங்கு அகலத்துக்கும் 1.4 மடங்கு உயரத்துக்கும் பரப்பினால் பரப்பளவு இரட்டிப்பாகிறது, ஒவ்வொரு புள்ளிக்கும் பாதி வெளிச்சம்தான் மிஞ்சுகிறது. 2எக்ஸில் பரப்பளவு நான்கு மடங்கு, கிடைப்பது கால் பங்கு வெளிச்சம்.

களத்தில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். காலை ஏழு மணி வெளிச்சத்தில் எஃப்/4, ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு, கூடினால் படத்தில் புள்ளிகள் தெரியும்) 800 என்று எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.4எக்ஸ் மாட்டினால் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600. 2எக்ஸ் மாட்டினால் எஃப்/8, ஐஎஸ்ஓ 3200. கணக்கு இத்தோடு நிற்பதில்லை. உருப்பெருக்கம் கூடக்கூட கை நடுக்கமும் பறவையின் அசைவும் சேர்ந்தே பெரிதாகும். ஆகவே 1/1000 போதாமல் 1/1600க்குப் போக வேண்டிவரும், ஐஎஸ்ஓ இன்னும் ஏறும். ஒரு ஸ்டாப் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நடைமுறையில் ஒன்றரைக்கு மேல் போகும் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

ஏரி நடுவில் இருக்கும் நாரைகளை எடுக்க 2எக்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

வேண்டாம். கன்வர்ட்டர் வாங்குகிறவர்களில் அதிகம் பேர் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வேடந்தாங்கலில் கரைமேல் நின்று பார்த்தால் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் அடைந்து கிடக்கும். 150 மீட்டர் தள்ளி ஒரு மரம் என்று கொள்வோம். ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை 500 மி.மீ. லென்ஸில் சென்சாரின் மேல் 3.3 மி.மீ. உயரத்துக்கு விழும். 2எக்ஸ் போட்டால் 6.7 மி.மீ. ஆகும். கணக்கில் இது இரட்டிப்பு. ஆனால் அந்த 150 மீட்டர் காற்றை லென்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. வெயில் ஏற ஏற தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலெழுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் பிம்பம் நெளிகிறது. கானல் என்கிறோமே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு கானலும் 1000 மி.மீ.யில் தெரியும். கன்வர்ட்டர் நாரையைப் பெரிதாக்கும்போது அந்த நெளிவையும் கூடவே பெரிதாக்கிக் கொடுக்கிறது.

கோடியக்கரை உப்பளங்களுக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலை ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் பூநாரைக் கூட்டத்தை எடுத்தால் கால்கள் நூல் நூலாகப் பிரிந்து தெரியும். கண் இருக்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும். பத்துப் படம் எடுத்தால் பத்தும் பத்து விதமாக நெளிந்திருக்கும். அடுத்தடுத்த படங்களில் நெளிவு மாறிக்கொண்டே இருந்தால் லென்ஸையோ ஃபோக்கஸையோ குறை சொல்லாதீர்கள். அது காற்றின் வேலை. அன்றைக்கு எந்தக் கன்வர்ட்டரும் உதவாது. விடியற்காலையில் வாருங்கள், அல்லது மேகம் மூடிய நாளில் வாருங்கள்.

அப்படியானால் கன்வர்ட்டர் எதற்குத்தான் உதவும்?

பக்கத்தில் இருக்கும் சின்னப் பறவைகளுக்கு. பத்து மீட்டர் தூரத்தில் நாணல் தண்டின் மேல் ஒரு சிரால் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. அலகு நுனியிலிருந்து வால் வரை 16 செ.மீ.தான். 500 மி.மீ.யில் அது சென்சாரின் மேல் 8 மி.மீ. விழும், 1.4எக்ஸோடு 11 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 45 மெகாபிக்சல் கேமராவில் பறவையின் நீளத்துக்கு முன்பு 1800 பிக்சல் கிடைத்தது என்றால், இப்போது 2500 பிக்சல் கிடைக்கிறது. நடுவில் இருப்பது பத்து மீட்டர் காற்று மட்டுமே, அது படத்தைக் கெடுக்காது. தலையில் வரிவரியாக இருக்கும் நீலப் புள்ளிகள் தனித்தனியாக எண்ணும்படி வரும். கண்ணில் வானமும் அதன் கீழே எதிர்க்கரையும் பிரதிபலிப்பது தெரியும். முதல் முறை அப்படியொரு படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, இந்த வளையத்துக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று மனசு நிறைந்தது.

தேன்சிட்டு, பஞ்சுருட்டான், உள்ளான் வகைகள், புதருக்குள் ஓடும் கதிர்க்குருவி என்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இன்னொரு நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. கன்வர்ட்டர் மாட்டினாலும் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோக்கஸ் தூரம் மாறாது. 3.7 மீட்டரில் ஃபோக்கஸ் ஆகும் லென்ஸ் அதே 3.7 மீட்டரில் 700 மி.மீ. ஆக நிற்கும். பறவை வராத மதிய நேரத்தில் தட்டான்களையும் பட்டாம்பூச்சிகளையும் இதை வைத்தே எடுக்கலாம்.

கணினியில் க்ராப் செய்தாலே (வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாலே) போதாதா?

பல நேரங்களில் போதும். இணையத்தில் பகிர மட்டும்தான் படம் என்றால், நல்ல லென்ஸில் கன்வர்ட்டர் இல்லாமல் எடுத்துக் க்ராப் செய்ததற்கும் 1.4எக்ஸ் போட்டு எடுத்ததற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். பெரிய அளவில் அச்சிட வேண்டும், இறகின் இழை இழையாக விவரம் வேண்டும் என்றால் கன்வர்ட்டர் முந்தும். அதுவும் லென்ஸ் கூர்மையாக இருந்து, வெளிச்சமும் நன்றாக இருந்தால்தான். மங்கிய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400க்குப் போக வேண்டியிருந்தால் நான் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டுக் க்ராப்பை நம்புவேன்.

என் லென்ஸுக்கு எது பொருந்தும்?

300 எஃப்/2.8, 400 எஃப்/2.8, 500 எஃப்/4, 600 எஃப்/4 போன்ற பெரிய பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களைத் தயாரிக்கும்போதே கன்வர்ட்டரையும் மனதில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். இவற்றுக்கு 1.4எக்ஸைத் தயங்காமல் வாங்கலாம். எஃப்/2.8 லென்ஸ்களோடு 2எக்ஸும் நன்றாக வேலை செய்யும். 300 எஃப்/2.8 வைத்திருப்பவருக்கு 600 எஃப்/5.6 கிடைக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஜூம் லென்ஸ்களில் நிதானம் வேண்டும். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டுமே நீண்ட முனையில் எஃப்/6.3. 1.4எக்ஸ் போட்டால் 840 மி.மீ. எஃப்/9 ஆகும், நல்ல வெயிலில் சமாளிக்கலாம். 2எக்ஸ் போட்டால் 1200 மி.மீ. எஃப்/13. நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கனான் ஆர்எஃப் 100-500 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அந்த லென்ஸை 300 மி.மீ.க்கு நீட்டிய பிறகுதான் கன்வர்ட்டரை மாட்டவே முடியும். மாட்டிய பின் 300க்குக் கீழே சுருக்க முடியாது. 1.4எக்ஸோடு அது 420-700 லென்ஸ் ஆகிவிடும். சட்டென்று பெரிய பறவை பக்கத்தில் வந்து இறங்கினால் பின்வாங்க வழியில்லை, பைக்குள் வைக்கும்போதும் நீட்டிய நிலையில்தான் வைக்க வேண்டும்.

சோனி கேமராவுக்கென வரும் சிக்மா 150-600, டாம்ரான் 150-500 லென்ஸ்களில் கன்வர்ட்டரே மாட்ட முடியாது. இதே சிக்மா லென்ஸின் எல் மவுண்ட் (வேறு வகைக் கேமராக்களுக்கான பொருத்து முறை) பதிப்பில் மாட்டலாம். கன்வர்ட்டரின் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் என்பதால், பொருந்தாத லென்ஸில் அழுத்தித் திருகினால் பின்கண்ணாடியில் இடிக்கும். நிறுவனம் வெளியிடும் பொருத்தப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். சாதாரண 70-300, 55-250 லென்ஸ்களுக்காக இதைத் தேடுகிறீர்கள் என்றால், அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து நல்ல லென்ஸாக வாங்குங்கள்.

கன்வர்ட்டர் உள்ளேயே இருக்கும் லென்ஸ்கள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. கனான் 2013இல் 200-400 எஃப்/4 லென்ஸிலேயே 1.4எக்ஸை உள்ளே வைத்துக் கொடுத்தது. நிக்கான் 2022இல் இசட் 400 எஃப்/2.8, இசட் 600 எஃப்/4 இரண்டிலும் அப்படிச் செய்தது. லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் விரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் 600 மி.மீ. 840 ஆகிவிடும். அற்புதமான வசதி. 600இன் விலை பத்து லட்சத்துக்கு மேல்.

மாட்டியதிலிருந்து ஃபோக்கஸ் தேடிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

முதலில் உங்கள் கேமரா எந்த வகை என்று பாருங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள) கேமராக்களில் ஃபோக்கஸுக்கென்று தனி உணரி இருக்கிறது. லென்ஸின் எதிரெதிர் ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு அது தூரத்தைக் கணிக்கும். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) சிறுத்தால் அந்த ஓரத்து ஒளி மறைந்துவிடும், உணரி குருடாகிவிடும். பழைய கேமராக்கள் பலவற்றில் எஃப்/5.6தான் எல்லை. பின்னால் வந்தவற்றில் எஃப்/8 வரை வேலை செய்யும், ஆனால் எல்லாப் புள்ளிகளிலும் இல்லை. கனான் 7டி மார்க் 2இல் நடுப்புள்ளி ஒன்று மட்டும். நிக்கான் டி500இல் 153 புள்ளிகளில் 15 மட்டும். உங்கள் லென்ஸ் எஃப்/5.6, கன்வர்ட்டர் 1.4எக்ஸ் என்றால் எஃப்/8 ஆகிவிட்டது. நடுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தேடல் நின்றுவிடும்.

மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கேமராக்களில் சென்சாரே ஃபோக்கஸ் வேலையையும் செய்வதால் இந்தச் சுவர் கிடையாது. கனான் ஆர்5 எஃப்/22 வரை ஃபோக்கஸ் செய்யும். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிப்பதும் நடக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் இவையும் தடுமாறும்.

வேகத்தைப் பொறுத்தவரை, கனானின் இஎஃப் லென்ஸ்களில் 1.4எக்ஸ் மாட்டினால் ஃபோக்கஸ் ஓட்டத்தைப் பாதியாகவும், 2எக்ஸில் கால் பங்காகவும் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். வேகத்தைவிடத் துல்லியம் முக்கியம் என்பதால். ஆகவே வேகம் குறைவது பழுது அல்ல. லென்ஸில் இருக்கும் தூர வரம்புப் பொத்தானைப் பயன்படுத்தினால் பாதித் தேடல் குறையும்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நுண் ஃபோக்கஸ் திருத்தத்தை (ஃபோக்கஸ் சற்று முன்னோ பின்னோ விழுவதைக் கேமராவில் சரிசெய்வது) லென்ஸுக்குத் தனியாகவும், லென்ஸும் கன்வர்ட்டரும் சேர்ந்த ஜோடிக்குத் தனியாகவும் செய்ய வேண்டும். ஒன்றுக்குச் செய்தது மற்றதற்கு ஒத்துவராது.

பறக்கும் பறவைகளை எடுக்கலாமா?

செம்பருந்து, கூழைக்கடா போல நிதானமாக வட்டமிடுபவற்றை 1.4எக்ஸில் எடுக்கலாம். தகைவிலானையும் ஆலாவையும் 1000 மி.மீ.யில் சட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அவை போய்விடும். கழற்றிவிடுங்கள்.

எல்லாப் படமும் கொஞ்சம் மங்கலாகவே வருகிறது. கன்வர்ட்டர் சரியில்லையா?

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். விடிந்ததும், வெயில் ஏறுமுன், மொட்டைமாடிச் சுவரில் ஒரு செய்தித்தாளை நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். பத்து மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை வையுங்கள். கையால் அழுத்தாமல் இரண்டு நொடி டைமரில் எடுங்கள். முதலில் கன்வர்ட்டர் இல்லாமல். பிறகு மாட்டி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து. பிறகு ஒரு ஸ்டாப் குறைத்து. வரி விளம்பரப் பகுதியின் பொடி எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'ன'வின் சுழியும் 'ஞ'வின் உள்மடிப்பும் அடைபடாமல் தெரிந்தால் கண்ணாடியில் குறை இல்லை, களத்தில் வேறெங்கோ தவறு நடக்கிறது. முழுதாகத் திறந்தபோது மங்கி, ஒரு ஸ்டாப் குறைத்ததும் தெளிந்தால், அந்த ஜோடியை எப்போதும் அப்படியே பயன்படுத்துங்கள். 2எக்ஸில் இது மிகவும் சகஜம்.

களத்தில் நடக்கும் தவறுகளில் முதலாவது ஷட்டர் வேகம். அடுத்தது ஃபோக்கஸ் ஆழம். முழு சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 700 மி.மீ., எஃப்/5.6, பத்து மீட்டர் என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏழு செ.மீ. அளவுதான். 1000 மி.மீ., எஃப்/8இல் ஐந்து செ.மீ. பறவை தலையைத் திருப்பினால் அலகு தெளிந்து கண் மங்கிவிடும். கண்ணில் ஃபோக்கஸ் வையுங்கள், வரிசையாக நான்கைந்து படம் எடுங்கள்.

மூன்றாவது, காருக்குள்ளிருந்து எடுப்பது. ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கிய உடனே எடுத்தால், உள்ளிருக்கும் குளிர்காற்றும் வெளிக்காற்றும் ஜன்னலிலேயே கலந்து, லென்ஸின் முன்னாலேயே ஒரு கானல் உண்டாகும். ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, பத்து நிமிடம் காத்திருங்கள். இன்ஜினையும் அணையுங்கள், அதிர்வும் போகும். ஜன்னல் விளிம்பில் அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை ஒன்றை வைத்து லென்ஸை அதில் கிடத்துங்கள். கன்வர்ட்டர் போட்ட லென்ஸுக்கு, பல ஆயிரம் கொடுத்து வாங்கும் தாங்கியைவிட இது நன்றாகவே உதவியிருக்கிறது.

பழையதாக வாங்கலாமா?

வாங்கலாம். உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லாததால் எளிதில் கெடாது. பார்க்க வேண்டியது பூஞ்சை. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் அலமாரியில் கிடந்த கன்வர்ட்டருக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். செல்பேசி விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போல வெண்மையான கிளைகள் தெரிந்தால் வாங்காதீர்கள். நான் ஒருமுறை மாலை மங்கலில் அவசரமாகப் பார்த்து ஒன்றை வாங்கிவிட்டேன். எதிர்வெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்து வந்தபோதுதான் உள்ளே பூஞ்சை இருப்பது தெரிந்தது. தங்க நிறத் தொடுமுனைகளில் கறுப்புப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கியபின் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

களத்தில் மாட்டிக் கழற்றும்போது தூசி புகாதா?

புகும். கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மாற்றுங்கள். உப்பளத்திலும் மண்சாலையிலும் நான் மாற்றுவதே இல்லை, காரிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு இறங்குவேன்.

கூட்டில் இருக்கும் குஞ்சுகளைக் கன்வர்ட்டர் போட்டுத் தள்ளி நின்று எடுத்தால் தொந்தரவு இல்லைதானே?

எவ்வளவு தள்ளி என்பதைப் பறவைதான் சொல்ல வேண்டும். இரையோடு வந்த தாய் கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து விடாமல் கத்துகிறது என்றால், நீங்கள் நிற்கும் இடம் அதிகப் பக்கம். உங்களிடம் 500 இருந்தாலும் 1000 இருந்தாலும் அதேதான். அந்த நேரம் முழுக்கக் குஞ்சு பசியோடு கிடக்கிறது, வெயிலில் கிடக்கிறது, காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்வாங்குங்கள். தாய் உள்ளே போகும்வரை பின்வாங்குங்கள். அங்கிருந்து கன்வர்ட்டரோடும் படம் சிறிதாக வந்தால் சிறிதாகவே வரட்டும். மறைக்கும் இலையை ஒடிப்பது, கிளையை வளைத்துக் கட்டுவது இரண்டையும் செய்யவே கூடாது. அந்த இலைதான் கூட்டுக்கு நிழலும் மறைப்பும்.

கன்வர்ட்டரும் பெரிய லென்ஸும் இல்லாமல் நல்ல படம் எடுக்கவே முடியாதா?

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நாரைகள் ஏரியில் மட்டுமில்லை, ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை. பறவைகள் மனிதரைக் கண்டு பயப்படாத அந்தத் தெருவில் 1.4எக்ஸ் மாட்டினால் நாரையின் கழுத்து மட்டும்தான் சட்டத்துக்குள் வரும். அங்கே நான் கொண்டுபோவது 300 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான். கன்வர்ட்டர்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன்.